வீட்டு மரம் பட்டுப்போகிறதா, பருவத்துக்கு உதிர்கிறதா? அறிகுறியை வைத்துக் கண்டுபிடிக்கும் வழி

தை பாதி தாண்டியதும் ஆரம்பித்துவிடும். "வேப்ப மரம் பட்டுப்போச்சு, வெட்டிரலாமான்னு பார்த்துச் சொல்லுங்க" என்று யாராவது வந்து நிற்பார்கள். போய்ப் பார்த்தால் மரத்துக்கு ஒன்றும் இருக்காது, பங்குனியில் அதே மரம் செந்தளிரோடு நிற்கும். ஐப்பசியில் நிஜமாகவே கொழுந்து கருகும்போதோ, "மழைக்கு அப்படித்தான் இருக்கும்" என்று விட்டுவிடுவார்கள். எந்த மாதத்தில் எது இயல்பு என்று தெரியாததால் நல்ல மரங்கள் அரிவாளுக்குப் போவதைப் பார்க்கப் பொறுக்காமல்தான் இதை எழுதுகிறேன்.

இது தமிழ்நாட்டுச் சமவெளியில், வீட்டைச் சுற்றி நிற்கும் மரங்களுக்கான குறிப்பு. ஊட்டி, கொடைக்கானல் கணக்கு வேறு.

## எந்த அறிகுறியானாலும் முதலில் இது

விரல் தடிமனுள்ள ஒரு கிளையைப் பிடித்து, மேல்தோலை நகத்தால் சுரண்டுங்கள். நகம் இறங்காவிட்டால் பேனாக்கத்தி. தோலுக்கு அடியில் ஈரமாகப் பச்சை தெரிந்தால் அந்தக் கிளை உயிரோடு இருக்கிறது. பழுப்பாக, உலர்ந்து, தூள் தூளாக வந்தால் அந்த இடம் செத்துவிட்டது. ஆனால் மரமே செத்துவிட்டது என்று அதற்கு அர்த்தமில்லை. ஒரு முழம் கீழே இறங்கி மறுபடி சுரண்டுங்கள். பச்சை தென்படும்வரை அடிமரத்தை நோக்கி இறங்கிக்கொண்டே வாருங்கள். நான்கு திசையிலும் ஒவ்வொரு கிளையாவது பார்க்க வேண்டும்.

நான்கு பக்கமும் நுனிவரை பச்சை என்றால், பெரும்பாலும் பருவத்தின் வேலைதான். நுனி செத்து உள்கிளை பச்சையாக இருந்தால் நோயோ பூச்சியோ. ஒரு பக்கம் மட்டும் அடிவரை காய்ந்திருந்தால் அந்தப் பக்கத்து வேரைப் பாருங்கள். அடிமரத்தில் எங்கு சுரண்டினாலும் பழுப்புதான் என்றால் மரம் போய்விட்டது. இனி அது யார் தலையில் விழும் என்பதுதான் கவலை. கடைசித் தலைப்புக்குப் போய்விடுங்கள்.

## அறிகுறி: இலை முழுக்கக் கொட்டி மொட்டையாக நிற்கிறது

### தை முதல் சித்திரைக்குள் கொட்டினால்

வேம்பு, அரசு, புங்கம், வாகை, இலவம்பஞ்சு, தேக்கு, சரக்கொன்றை எதுவானாலும் பயப்பட வேண்டாம். வடகிழக்குப் பருவமழை மார்கழியோடு முடிந்துவிடுகிறது. அடுத்த மழை வரும்வரை இலை வழியாகத் தண்ணீரை இழக்காமல் இருக்க மரம் இலையைக் கழிக்கிறது.

ஆனால் எல்லா மரமும் ஒரே அளவு நாள் மொட்டையாக நிற்பதில்லை. வேம்பும் புங்கமும் அரசும் சில வாரங்களில் துளிர்த்துவிடும். வேம்பு பல இடங்களில் முழு மொட்டையாகக்கூட ஆகாது. ஒரு பக்கம் பழுப்பிலை கொட்டும்போதே மறுபக்கம் தளிர் கிளம்பும். தளிர் விட்ட கையோடு பூவும் வருவதால்தான் சித்திரை முதல் நாள் பச்சடிக்கு வேப்பம்பூ கிடைக்கிறது. வாகை காய்ந்த நெற்றுகளை மட்டும் வைத்துக்கொண்டு சலசலத்தபடி நிற்கும். இலவம் மொட்டையாக இருக்கும்போதே பூக்கும். தேக்குதான் ஆளைப் பயமுறுத்தும். கொட்டினால் கோடை மழை வரும்வரை குச்சியாகவே நிற்கும், மே மாதத்தில்கூட. நுனியில் பச்சை இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் காத்திருங்கள்.

இந்தக் காலத்தில் செய்யக் கூடாதது: உரம் கொட்டுவது. இலை இல்லாத மரம் உரத்தைப் பெரிதாக எடுக்காது. உதிர்ந்த சருகைத் தூரிலேயே பரப்பிவிடுங்கள். வெயிலுக்கு மண் காயாது. வாசலைப் பெருக்கிச் சருகைக் கூட்டி அடிமரத்தருகே கொளுத்தும் பழக்கம் இன்னும் இருக்கிறது. அந்தச் சூட்டில் பட்டை வெந்து, மூன்று மாதம் கழித்து அந்தப் பக்கம் காய்ந்த பிறகு "என்ன நோய்?" என்று கேட்கிறார்கள்.

### பாதாம் மரம் மட்டும் ஏன் இரண்டு தடவை?

நாட்டு வாதுமையின் இயல்பே அதுதான். வருடத்தில் இரண்டு முறைகூட இலை செம்பழுப்பாகிக் கொட்டும், உடனே துளிர்க்கும். விட்டுவிடுங்கள்.

### மாதம் தப்பிக் கொட்டினால்

ஆவணியிலோ கார்த்திகையிலோ வேம்பு திடீரென மொட்டையானால் காரணம் உண்டு. செலவில்லாததிலிருந்து தேடுங்கள்.

தண்ணீர்ப் பற்றாக்குறை முதலாவது. தூரிலிருந்து மூன்றடி தள்ளி ஒரு முழ ஆழம் தோண்டி, மண்ணைக் கையில் பிடித்துப் பாருங்கள். உருண்டை நிற்காமல் உதிர்ந்தால் தண்ணீர் போதவில்லை. தினமும் ஒரு குடம் ஊற்றுவதால் பலனில்லை. கிளை நிழல் விழும் விளிம்பில் வட்டப் பாத்தி கட்டி, வாரம் ஒரு தடவை நிறைய விடுங்கள்.

அடுத்தது இதற்கு நேரெதிர். அதே குழியில் தண்ணீர் ஊறி, சேற்று நாற்றம் அடித்தால் வேர் மூச்சுத் திணறுகிறது. வாய்க்கால் வெட்டி வடித்துவிட்டால் இளம் மரங்கள் பெரும்பாலும் தேறிவிடும்.

மூன்றாவதாக, கடந்த ஒரு வருடத்தில் பக்கத்தில் என்ன வேலை நடந்தது என்று யோசியுங்கள். கார் நிறுத்தத் தூர்வரை சிமென்ட் போட்டீர்களா? வீட்டை உயர்த்தி மண் கொட்டியதில் அடிமரம் இரண்டடி புதைந்ததா? குழாய் பதிக்கப் பள்ளம் தோண்டினார்களா? வேர் அறுபட்டால் மரம் அன்றே சொல்லாது. அடுத்த கோடையில்தான் சொல்லும், அதுவும் அறுபட்ட பக்கத்துக் கிளைகளில் மட்டும். சிமென்டை உடைத்துத் தூரைச் சுற்றி நான்கு பக்கமும் மூன்றடியாவது மண் தெரியவிடுங்கள். கொட்டிய மண்ணை அடிமரத்திலிருந்து விலக்குங்கள். ஒரு நாள் கூலிதான் செலவு, மரத்துக்கோ அது பெரிய காரியம்.

பெயின்ட் கழுவிய தண்ணீர், சிமென்ட் பால், களைக்கொல்லி ஆகியவற்றையும் மறக்காமல் விசாரியுங்கள்.

ஆளைக் கூப்பிட வேண்டிய கட்டம்: மேலே சொன்னதெல்லாம் செய்து இரண்டு மாதத்தில் துளிர் வரவில்லை, சுரண்டினால் பச்சையும் குறைந்துகொண்டே வருகிறது என்றால் வட்டாரத் தோட்டக்கலை அலுவலகத்துக்கோ மாவட்ட வேளாண் அறிவியல் நிலையத்துக்கோ போங்கள். வெறும் கையோடு போகாதீர்கள். பாதி செத்துப் பாதி பச்சையாக உள்ள கிளைத்துண்டு ஒன்றும், தூரில் எடுத்த ஒரு பிடி மண்ணும், முழு மரத்தின் படமும் கொண்டுபோனால்தான் அவர்களால் எதையும் சொல்ல முடியும். முழுக்கக் காய்ந்த குச்சியில் நோய்க்கிருமியைத் தேடுவது கடினம்.

## அறிகுறி: மழைக்காலத்தில் வேப்பங்கொழுந்து கருகுகிறது

தூரத்திலிருந்து பார்த்தால் யாரோ தீவட்டியால் மரத்தை மேலாகத் தீய்த்துவிட்டுப் போனதுபோல் இருக்கும். உள்ளே இலை பச்சை. நுனிக் கொத்துகள் எல்லாம் பழுப்பாகி, உதிராமல் தொங்கும். இலை உதிராமல் காய்ந்து தொங்குகிறது என்பதே பெரிய துப்பு. பருவ உதிர்வு என்றால் இலை மஞ்சளாகி, காம்போடு சுத்தமாகக் கழன்று விழும்.

ஒரு கொத்தை ஒடித்து வெளிச்சத்தில் பாருங்கள். இரண்டில் ஒன்று இருக்கும், சில சமயம் இரண்டுமே.

### காம்பில் பழுப்புக் கோடும் பிசின் துளியும் இருந்தால்

தேயிலைக் கொசு. பெயர்தான் கொசு, இது சாறு உறிஞ்சும் நாவாய்ப்பூச்சி வகை. மெலிந்த உடம்பு, நீண்ட கால், செம்பழுப்பு நிறம். இளங்காம்பில் ஊசி போட்ட இடம் நீளவாக்கில் பழுப்பாகும். அதற்கு மேலுள்ள கொழுந்து வாடும். வெயில் ஏறினால் பூச்சி கண்ணில் படாது, காலையிலேயே பாருங்கள். முந்திரியையும் கொய்யாவையும் தாக்குவது இதே இனம்தான். வேம்புக்குப் பக்கத்தில் அவை நின்றால் அங்கும் பாருங்கள்.

### கோடு இல்லாமல் நுனியிலிருந்து கீழ்நோக்கிக் காய்ந்தால்

நுனிக்கருகல் நோய். ஃபோமாப்சிஸ் என்ற பூஞ்சையால் வருவது. 1990களில் டேராடூன் பக்கம் முதலில் பதிவானது. 2021இல் தெலங்கானாவில் ஊர் ஊராக வேம்புகள் கருகியபோதுதான் பலர் கவனத்துக்கு வந்தது. மழை தொடங்கியதும் தலைகாட்டி, மழைக்காலம் போகப் போகத் தீவிரமாகும். அதே பூஞ்சை பூவையும் காயையும் அழுகச் செய்யும் என்பதால் விதையும் கெடும்.

### என்ன செய்வது

இரண்டு ஆள் உயரத்துக்குள் உள்ள இளம் மரம் என்றால் கையாலேயே சரிசெய்யலாம். மழை விட்டுப் பட்டை உலர்ந்த நாளாகப் பார்த்து, கருகிய நுனிக்குக் கீழே ஒரு சாண் பச்சைக் கிளையையும் சேர்த்து வெட்டுங்கள். வெட்டியதைத் தூரிலேயே போடாதீர்கள். அடிமரத்திலிருந்து தள்ளிக் கொண்டுபோய் எரித்துவிடுங்கள் அல்லது ஆழமாகப் புதையுங்கள். வெட்டுவாயில் காப்பர் ஆக்சிகுளோரைடைக் குழம்பாகத் தடவலாம். மீதி மரத்துக்கு கார்பன்டாசிம் லிட்டருக்கு 1 கிராம் கலந்து தெளிப்பது வழக்கம். பூச்சிக்கோடு தெரிந்தால் மட்டும் பூச்சிமருந்து. எது, எவ்வளவு என்பதைத் தோட்டக்கலை அலுவலரிடம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். கடைக்காரர் கையில் கிடைத்ததைக் கொடுப்பார். கிணறு, மாட்டுத் தொட்டி, பக்கத்து வீட்டு மாடித் துணி எல்லாவற்றையும் பார்த்துத்தான் தெளிக்க வேண்டும்.

பெரிய மரமா? ஒன்றும் தெளிக்காதீர்கள் என்பதே என் அபிப்பிராயம். நாற்பதடி வேம்பின் உச்சிக்கு மருந்து எட்டாது, எட்டினாலும் பாதி உங்கள் மூக்கில் இறங்கும். வயதான வேம்பு இந்தக் கருகலைத் தாங்கிவிட்டு மாசி, பங்குனியில் துளிர்ப்பதுதான் பெரும்பாலும் நடக்கிறது. அதுவரை தண்ணீர் மட்டும் கொடுங்கள். பங்குனி முடிந்தும் ஒரு கிளை துளிர்க்காவிட்டால் அந்தக் கிளையை மட்டும் எடுங்கள்.

ஆளைக் கூப்பிட வேண்டிய கட்டம்: கருகல் நுனியோடு நிற்காமல் கை அளவு தடிமனுள்ள கிளைகளுக்கு இறங்கினால், அல்லது இரண்டு மழைக்காலம் தொடர்ந்து முழு உச்சியும் கருகினால்.

## அறிகுறி: மா மரம் பருவத்துக்குப் பூக்கவில்லை

முதலில் வயதைக் கேளுங்கள். ஒட்டு மா என்றால் மூன்று முதல் ஐந்து வருடத்தில் காய்ப்புக்கு வரும். கொட்டை போட்டு முளைத்ததென்றால் ஆறு, ஏழு வருடத்துக்குமேல்கூட ஆகும். வயது வந்த மரம் என்றால், போன வருடம் கொத்துக் கொத்தாகக் காய்த்ததா? அப்படியானால் இந்த வருடம் ஓய்வு. பல ரகங்களில் ஒரு வருடம் விட்டு ஒரு வருடம் காய்ப்பது பிறவிக் குணம்.

இரண்டும் இல்லையென்றால் உங்கள் கைவேலையைப் பாருங்கள். மா, முதிர்ந்த கிளையின் நுனியில்தான் பூக்கும். கார்த்திகை, மார்கழியில் அழகுக்காகக் கவாத்து செய்தால் வரவேண்டிய பூவை வெட்டிப் போட்டதாகிவிடும். கவாத்துக்கு நேரம் அறுவடை முடிந்த கையோடு, ஆடி ஆவணியில். அதேபோல் பூப்பதற்கு முந்தைய இரண்டு மாதம் மரம் கொஞ்சம் வாடவேண்டும். அப்போது தண்ணீரும் தழைச்சத்து உரமும் கொடுத்தால் மரம் பூவுக்குப் பதில் செந்தளிரைத் தள்ளும். மார்கழி வரை மழை நீண்ட வருடங்களில் நாம் ஒன்றும் செய்யாமலே இது நடக்கும்.

தை கடைசிவரை பூங்கொத்து தலைகாட்டாவிட்டால் பொட்டாசியம் நைட்ரேட் லிட்டருக்கு 10 கிராம் கலந்து, முதிர்ந்த இலைகள் நனையத் தெளித்துப் பார்க்கலாம். தூரில் ஊற்றிப் பூக்க வைக்கும் பேக்லோபியூட்ரசாலை வீட்டு மரத்துக்குப் பரிந்துரைக்க மாட்டேன். மண்ணில் நெடுநாள் தங்கும், அளவு தப்பினால் மரம் குறுகிவிடும்.

### பூத்தது, ஆனால் கருகிக் கொட்டுகிறது

பூங்கொத்தை உள்ளங்கையில் ஒரு தட்டுத் தட்டுங்கள். ஆப்பு வடிவச் சின்னப் பூச்சிகள் பக்கவாட்டில் தத்திப் பறந்தால் தத்துப்பூச்சி. கீழே இலையெல்லாம் பிசுபிசுக்கும், பிறகு அதன்மேல் கரி பூசியதுபோல் கரும்பூசணம் படியும். கொத்தில் வெள்ளைப் பொடி ஒட்டியிருந்தால் சாம்பல் நோய். பகலில் வெயிலும் இரவில் பனியுமாக இருக்கும் மாசியில் வரும். முன்னதற்கு, பூ விரிவதற்கு முன்பே வேப்பெண்ணெய் லிட்டருக்கு 20 மி.லி., சோப்புக் கரைசலோடு. பின்னதற்கு நனையும் கந்தகத் தூள் லிட்டருக்கு 2 கிராம், உச்சி வெயிலில் வேண்டாம். பூ முழுக்க விரிந்தபின் எதையும் தெளிக்காதீர்கள். ஈயும் தேனீயும் வந்தால்தான் காய்.

### பிஞ்சு கொட்டுகிறது

பட்டாணி அளவில் கொட்டினால் பெரும்பாலும் இயல்பு. நூறு பூவுக்கு ஒரு பழம்கூட நிற்பதில்லை. எலுமிச்சை அளவுக்கு வந்த பிறகும் கொட்டினால் தண்ணீர் கொடுக்கத் தொடங்கவில்லை என்று பொருள். பட்டாணி அளவிலிருந்தே வாரம் ஒரு தண்ணீர் வேண்டும்.

## அறிகுறி: மொட்டை மரத்தில் ஒரே ஒரு பச்சைக் கொத்து

இதைக் கண்டுபிடிக்க மாசிதான் நல்ல மாதம். மரம் முழுக்கச் சருகாகக் கிடக்கும்போது உச்சியில் ஒரு கூடை அளவுக்குத் தடித்த இலைகளோடு பச்சையாக ஒன்று நின்றால் அது புல்லுருவி. மரத்தின் கிளைக்குள் வேரை இறக்கிச் சாறு குடிக்கிறது. ஒட்டிய இடத்தில் கிளை முடிச்சாகப் புடைத்திருக்கும். அதற்கு அப்பால் கிளை மெலிந்திருக்கும். மாவிலும் வேம்பிலும் அதிகம். புல்லுருவியின் பழத்தைத் தின்னும் சிறு குருவிகள் பசையுள்ள விதையை அடுத்த கிளையில் தேய்த்துவிட்டுப் போகும். அப்படித்தான் தெருவெல்லாம் பரவுகிறது.

புல்லுருவியை மட்டும் பிய்த்தால் மறுபடி முளைக்கும். முடிச்சிலிருந்து அடிமரத்தை நோக்கி ஒரு முழம் உள்ளே தள்ளிக் கிளையோடு வெட்ட வேண்டும். பழம் பழுக்கும் முன் வெட்டினால் தெருவுக்கே நல்லது. அடிமரத்திலேயே ஒட்டியிருந்தால் கிளையோடு வெட்ட முடியாது; வருடா வருடம் தழையை மட்டும் கழித்துக்கொண்டே வாருங்கள்.

## அறிகுறி: மழைக்குப் பின் முருங்கை ஒரே வாரத்தில் மொட்டை

மார்கழிக் குளிரில் இலை மஞ்சளாகிக் கொட்டினால் முருங்கையின் சுபாவம். மழை பெய்த சில வாரங்களில் காம்பு மட்டும் மிஞ்சினால் கம்பளிப்பூச்சி. பகலில் அடிமரத்தில் கம்பளம் விரித்தாற்போல் கூட்டமாக ஒட்டிக்கொண்டிருக்கும், அதுதான் பிடிக்கும் நேரம். நீளக் கழியில் துணி சுற்றித் தீப்பந்தமாக்கி, பட்டை வேகாமல் மேலாக ஓட்டி எடுப்பார்கள். ஓலைக் கூரையோ மின்கம்பியோ பக்கத்தில் இருந்தால் தீ வேண்டாம். சோப்புத் தண்ணீரை வேகமாகப் பீய்ச்சி, விழுவதை வாளியில் அள்ளுங்கள். வெறும் கையால் தொடாதீர்கள், மயிர் பட்டால் அரிப்பும் தடிப்பும் வரும். குழந்தைகளை அன்றைக்கு அந்தப் பக்கம் விடவேண்டாம். மரம் தானாகத் துளிர்த்துவிடும். கீரை பறிக்கும் மரத்துக்கு ரசாயன மருந்து தேவையே இல்லை.

## அறிகுறி: தென்னையில் கோடையில் குரும்பை (இளம்பிஞ்சு) கொட்டுகிறது

தண்ணீரைப் பாருங்கள், அடுத்து போரான் சத்துக் குறைவு. வேளாண் பல்கலைக்கழகத்தின் தென்னை டானிக்கை மரத்துக்கு 200 மி.லி. வீதம் ஆறு மாதத்துக்கு ஒருமுறை பையில் ஊற்றி வேரில் கட்டலாம். பாளை வெடித்ததிலிருந்து காய் முற்ற ஏறக்குறைய ஒரு வருடம் ஆவதால் இந்தக் கோடைக்குச் செய்த வைத்தியம் உடனே தெரியாது.

அடி மட்டை மாதம் ஒன்று விழுவது கணக்குதான். ஆனால் மழைக்காலத்தில் நடுக்குருத்து வாடி, இழுத்தால் நாற்றத்தோடு கையோடு வந்தால் குருத்தழுகல். அன்றைக்கே ஆளைக் கூப்பிடுங்கள். தென்னைக்கு ஒரே குருத்துதான்.

## அறிகுறி: அடிமரத்தில் தூள், ஓட்டை, காளான்

கரையான் மண் பூச்சைக் கண்டு பதற வேண்டாம். பெரும்பாலும் செத்த வெளிப்பட்டையைத்தான் தின்னும், துடைப்பத்தால் தட்டிவிடுங்கள். மாவின் தண்டில் ஓட்டை இருந்து, அதன் கீழே மரத்தூளும் எச்சமும் கொட்டிக் கிடந்தால் அது தண்டுத் துளைப்பான். சைக்கிள் கம்பியின் நுனியை வளைத்து உள்ளே விட்டுப் புழுவைக் கொக்கி போட்டு இழுத்து, ஓட்டையைக் களிமண்ணால் அடையுங்கள். மூன்று நாளில் புதுத் தூள் வந்தால் இன்னொரு புழு இருக்கிறது. ஓட்டைகள் பலவானால் ஆளைக் கூப்பிடுங்கள்.

தூரில் விசிறிபோலக் காளான் முளைத்தால் உள்ளே வைரம் (நடுக்கட்டை) அழுகுகிறது. கட்டையால் தட்டிப் பாருங்கள். பொத்தென்று சத்தம் வந்தால் அடுத்த தலைப்பு உங்களுக்குத்தான்.

## அறிகுறி: மழைக்கு முன் மரம் சாய்ந்திருக்கிறது

பிறந்ததிலிருந்தே சாய்ந்து வளர்ந்த மரம் வேறு, புதிதாகச் சாய்ந்தது வேறு. சாய்வுக்கு எதிர்ப்பக்கம் தரையில் வெடிப்பு விட்டிருக்கிறதா, வேரோடு மண் தூக்கியிருக்கிறதா என்று பாருங்கள். இரண்டில் ஒன்று இருந்தாலும் அடியில் கட்டிலோ வண்டியோ போடாதீர்கள்.

2016 டிசம்பரில் வர்தா சென்னையிலும், 2018 நவம்பரில் கஜா டெல்டாவிலும் அடித்தபோது மரங்கள் எப்படி விழுந்தன என்று பார்த்தவர்களுக்குத் தெரியும். புயல் கார்த்திகையை ஒட்டித்தான் வருகிறது. எனவே ஆவணி, புரட்டாசியில் காய்ந்த கிளை, உரசும் கிளை, கூரைமேல் நீண்ட கிளை ஆகியவற்றை மட்டும் கழித்து, காற்று உள்ளே நுழைந்து வெளியேற வழிவிடுங்கள். உச்சியை மொத்தமாக வெட்டி மொட்டையடிக்கச் சொல்பவரை அனுப்பிவிடுங்கள். வெட்டிய இடத்தில் கிளம்பும் கொத்துக் கிளைகள் பலமாக ஒட்டியிருக்காது. இரண்டு வருடம் கழித்து அவைதான் முதலில் முறியும்.

ஏணியில் ஏறி எட்டாத கிளை எதுவும் உங்கள் வேலை இல்லை. கயிறு கட்டி இறக்கத் தெரிந்த ஆளை வையுங்கள். மின்கம்பியைத் தொடும் கிளை என்றால் மரம் வெட்டுபவரைக்கூட ஏற்றாதீர்கள், மின்வாரியத்தில் சொல்லி இணைப்பைத் துண்டித்த பிறகே வேலை. சாலையோர மரம் உங்கள் வாசலில் நின்றாலும் உங்களுடையதல்ல. பொது இடத்து மரத்தை வெட்ட மாவட்டப் பசுமைக் குழுவின் அனுமதி வேண்டும், மாநகராட்சி அல்லது ஊராட்சியில் மனு கொடுங்கள். விழும் தறுவாயில் இருந்தால் தீயணைப்புத் துறையை 101இல் கூப்பிடலாம். நோய் பற்றிய சந்தேகம் மட்டும் என்றால் உழவர் அழைப்பு மையம் 1800 180 1551. கட்டணம் இல்லை, தமிழிலேயே பேசலாம். எந்த மாதத்தில் ஆரம்பித்தது என்பதை முதலில் சொல்லுங்கள்.